எங்கள் கழிக்கு ஒரு கார்டுக் கட்டு

1

தீப்பெட்டி தப்பான திசையில் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்த கணத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். கோயில் ஆராதனை முடிந்து தாராவிக்குத் திரும்பியிருந்தோம். மழை நின்று ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வெயில் கண்ணைக் குத்தியது. எங்கள் வீட்டு வரிசை முழுக்கத் துணி காய்ந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றக் குனிந்தேன். வாசலை ஒட்டி ஓடும் சாக்கடையில் ஒரு காலித் தீப்பெட்டி மிதந்து வந்தது. எங்கள் சாக்கடைத் தண்ணீர் எப்போதும் மாஹிம் உப்பங்கழியை நோக்கிப் போகும். இந்தத் தீப்பெட்டி கழியிலிருந்து வீட்டைப் பார்த்து வந்தது. பின்னாலேயே தண்ணீரும் வந்தது. விளிம்பைத் தாண்டி, படி ஏறி, அம்மா மிளகாய் காயப்போட்டிருந்த சாக்கைத் தொட்டது.

"ஏட்டி எஸ்தர், சாக்கைத் தூக்கு, சாக்கைத் தூக்கு! மழையும் இல்ல மண்ணும் இல்ல, இந்தச் சனியன் எங்கேருந்து வருது?" என்று அம்மா கத்தினாள்.

எங்கேருந்து வருகிறது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. கடலேற்றம். அரபிக்கடல் கழிக்குள் ஏறி, கழி எங்கள் சாக்கடைக்குள் ஏறி, சாக்கடை எங்கள் வீட்டுக்குள் ஏறுகிறது. கணுக்கால் வரை நனைந்து நின்றபோது, நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக் கூடத்தின் இரும்பு அலமாரி ஒன்று நினைவுக்கு வந்தது. அதில் ஒரு பெட்டி நிறையத் துளையிட்ட கார்டுகள் சும்மா கிடந்தன. ஹாலந்து நாட்டில் ஓர் ஆறு கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் எப்படி ஏறி இறங்கும் என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டும் கார்டுகள் அவை.

"அம்மா, இந்தக் கழியை மெஷின்ல ஓடவிடலாம்!"

"மெஷின்ல ஓடவிடுதது இருக்கட்டும். முதல்ல இந்தத் தண்ணியை வெளிய ஓடவிடு."

2

நான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிக் கணிதம் படித்தவள். அப்போதே அப்பா, அம்மா, தம்பி சாம் மூவரும் பம்பாய்க்காரர்கள். அப்பாவுக்குப் பரேலில் மில் வேலை. பட்டம் கிடைத்த கையோடு நானும் ரயிலேறி வந்துவிட்டேன். இந்தப் பங்குனியோடு நாலு வருஷம். வெளிதேச வாழ்வைப் பற்றிக் கப்பலேறிப் போனவர்கள்தான் எழுதலாம் என்று யாராவது சட்டம் வைத்திருந்தால் அதை நான் மீறுகிறேன். ரேஷன் கடையில் சண்டை போட ஒரு பாஷை, பஸ்ஸில் சில்லறை கேட்க ஒரு பாஷை, ஆபீஸில் நல்ல பெயர் வாங்க ஒரு பாஷை என்று பிழைக்கிற ஊர் எதுவும் வெளிதேசம்தான்.

இங்கிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் இரண்டு வகை. மெரைன் டிரைவ் விளக்குகளை எண்ணி எழுதுகிறவர்கள். தாராவிச் சேற்றைக் கண்ணீரில் குழைத்து எழுதுகிறவர்கள். முதல் வகைக்கு விளக்குப் பக்கம் போக எனக்கு நேரமில்லை. இரண்டாம் வகைக்கு அழுகை வரமாட்டேன் என்கிறது. எனக்கு வருவது கோபம். கோபத்தோடு கொஞ்சம் கணக்கும் வரும்.

தீப்பெட்டி வந்து சில வாரங்கள் கழித்து வார்டு ஆபீஸிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்து எங்கள் வரிசைச் சுவரில் ஒட்டப்பட்டது. மராத்தியில் இருந்தது. சாம்தான் படித்துச் சொன்னான். அவன் விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸ். மராத்தியைத் தண்ணீராகப் படிப்பான். தமிழ் பைபிளைக் கையில் கொடுத்தால் எழுத்துக் கூட்டி முழிப்பான்.

"என்னலே போட்டிருக்கு?"

"நம்ம லைன்காரங்க கட்டர்ல கச்ரா போட்டு அடைச்சதால பானி ஏறுதாம். அதனால அடுத்த மழைக்கு முன்னாடி இந்த லைன் மொத்தமும் காலி. பக்கா ஆர்டர், அக்கா."

நோட்டீஸைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் காதர் பாயும் ஒருவர். மேலப்பாளையத்துக்காரர். வரிசையின் கடைசியில், கழியோரத்தில் அவருடைய தோல் பட்டறை. எல்லாருக்கும் வீடு போகும். அவருக்கு வீட்டோடு தொழிலும் போகும்.

"குப்பையா? குப்பை முந்தியும் கிடந்துச்சு. அந்த காண்டிராக்ட் கம்பெனிக்காரன் கிடங்கு கட்ட கழி வளைவுல மண்ணைக் கொட்டி மேடாக்குனானே, அதுக்கு அப்புறம்தானே வெயில்லயும் தண்ணி வருது?" என்றார்.

அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் பட்டது என்பதை வார்டு ஆபீஸில் கொண்டுபோய் வைக்க முடியாது. கழி வளைவில் மண் போட்டால் பரவ இடமில்லாமல் எங்கள் வாசலில் தண்ணீர் ஏறும் என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். யாராவது என்று நான் சுற்றிப் பார்க்கவில்லை. அலமாரிப் பெட்டி எனக்குத் தெரிந்த இடத்தில் இருந்தது.

3

எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தின் கம்ப்யூட்டர் ஒரு பெரிய கூடம் நிறைய இருக்கும் இரும்புப் பீரோக்கள். குளிர்சாதனம் போட்டு வைத்திருப்பார்கள். நான் அந்தக் கூடத்துக்கு வெளியே கார்டுகளில் துளை போடும் பெண்களில் ஒருத்தியாகச் சேர்ந்தேன். பிறகு ஊழியர்களுக்கென்று நடத்திய வகுப்பில் ஃபோர்ட்ரான் என்ற பாஷை கற்றுக்கொண்டேன். ஆங்கிலச் சொற்களையும் அல்ஜீப்ராவையும் கலந்து, மெஷினுக்குக் கட்டளை எழுதும் பாஷை அது. ஒரு கார்டுக்கு ஒரு வரி.

ஆனால் மெஷினுக்கு ஃபோர்ட்ரான் நேரடியாகப் புரியாது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனால் மராத்தி நர்ஸிடம் சாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் அல்லவா, அதுபோல நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளன் உண்டு. அதற்குப் பெயர் கம்பைலர். நாம் எழுதிய கார்டுகளின் அடுக்கை, அதாவது மூலக் கட்டை, உள்ளே கொடுத்தால், மெஷினுக்குப் புரிகிற துளைகளாக மாற்றி இன்னொரு கட்டைத் தரும். அந்தக் கட்டைப் போட்டால்தான் வேலை ஓடும். சாமுக்கும் கம்பைலருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அம்மா சொல்வதில் சாமுக்குப் பிடிக்காததை அவன் விழுங்கிவிடுவான். கம்பைலர் எதையும் விழுங்காது. ஒரு காற்புள்ளி குறைந்தாலும் நின்று முறையிடும்.

ஹாலந்துக் கட்டு இரண்டு விதமாகவும் இருந்தது. ஓடத் தயாரான கட்டு, அதன் மூலக் கட்டு. ஓடத் தயாரான கட்டு அவர்கள் நாட்டு மெஷினுக்கானது. அவர்கள் ஆறு மட்டும்தான் அதில் ஓடும். சல்லடை போன்ற அந்தக் கார்டுகளை எடுத்துப் பார்த்து யாரும் எதையும் மாற்ற முடியாது. மூலக் கட்டு இருந்ததால்தான் எனக்கு வழி இருந்தது. அதைத் திருத்தி, எங்கள் கழியை உள்ளே வைத்து, எங்கள் மெஷினில் கம்பைல் செய்துவிட்டால் எங்களுக்கே எங்களுக்கென்று ஓடும் கட்டு ஒன்று கிடைக்கும்.

அதற்கு மெஷின் நேரம் வேண்டும். நேரத்தைப் பங்குபோட்டுக் கொடுப்பவர் வைத்தியநாதன் சார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். எல்லாரும் வைத்தா சார் என்போம். கம்ப்யூட்டர் அறை ஜன்னலுக்குப் பின்னால் கோயில் கர்ப்பகிருகத்தைக் காப்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"இதோ பாரும்மா," என்றார் என் தாளைப் படித்துவிட்டு. "இங்கே பெரிய பெரிய பௌதிகக்காரா எல்லாம் ஒரு நிமிஷத்துக்கு நாலு நாள் கியூவில நிக்கறா. நீ உங்க தாராவிச் சாக்கடையை எடுத்துண்டு வந்திருக்கே."

"சாக்கடைன்னு எழுதாதீங்க சார். ஹைட்ராலிக்ஸ்னு எழுதிக்கோங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

"வகுப்பு முடிச்ச ஊழியர்கள் பயிற்சிக்கு வேலை போடலாம்னு விதி இருக்கு சார். நான் முடிச்சிருக்கேன்," என்றேன்.

"விதியெல்லாம் எனக்கே சொல்றயா? சரி, ஞாயித்துக்கிழமை கார்த்தால மெஷினைத் துடைச்சு, சோதிச்சுண்டு இருப்பா. அந்த இடைவெளியில போட்டுக்கோ. பத்து மணிக்கு மேலே உன் தலை இங்கே தெரியக்கூடாது."

ஞாயிறு காலை. ஆராதனை நேரம். எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தாலும் ஞாயிறு காலை கோயிலுக்குப் போயாக வேண்டும்.

"கோயிலுக்கு வராம எந்தச் சாமியைச் சேவிக்கப் போற? அந்த இரும்புப் பெட்டியையா?" என்றாள் அம்மா.

"நம்ம வீட்டைக் காப்பாத்தப் போறேம்மா."

"வீட்டைக் கர்த்தர் காப்பாத்துவாரு."

"அவருக்கு ஒரு கணக்கு எழுதிக் கொடுக்கப் போறேன். தப்பா?"

அம்மா அன்று என்னிடம் பேசவில்லை. ஆனால் கிளம்பும்போது தூக்குச் சட்டியில் இட்லி இருந்தது.

4

மூலக் கட்டில் விளக்கக் குறிப்புகள் டச்சு மொழியில் இருந்தன. எங்கள் கூடத்தில் டச்சு தெரிந்த ஒரு ஆத்மா இல்லை. கணக்கைப் பார்த்துப் பாஷையை ஊகித்தேன். நாலு பாஷைக்கு நடுவில் பிழைக்கிறவளுக்கு ஐந்தாவது என்ன செய்துவிடும்?

முதல் ஞாயிறு கம்பைலர் என்னை அடித்துத் துவைத்தது. அவர்கள் மெஷினின் ஃபோர்ட்ரான் வேறு சம்பிரதாயம், எங்கள் மெஷினின் ஃபோர்ட்ரான் வேறு சம்பிரதாயம். தவறுகளின் பட்டியல் மடித்து மடித்துக் காகிதமாக வந்து தரையில் விழுந்தது. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தாராவி போய், வாரம் முழுக்க ஒவ்வொரு கார்டாக மாற்றினேன்.

கார்டுகளை வீட்டில் வைப்பதே ஒரு பாடு. கழிக் காற்றில் ஈரம் ஏறி உப்பிவிடும். உப்பிய கார்டு மெஷினின் வாயில் மாட்டிக்கொள்ளும். அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். அடுப்புக்கு மேலே இருக்கும் பரணில், கருவாட்டுத் தகரத்துக்குப் பக்கத்தில் பெட்டியை ஏற்றி வைத்தாள். கருவாடு நமுத்துப்போகாத இடத்தில் கார்டும் நமுத்துப்போகாது என்பது அவள் வாதம். வாதம் சரி. கார்டுகள் மொறமொறவென்று இருந்தன. அடுத்த ஞாயிறு குளிரூட்டிய அறையில் பெட்டியைத் திறந்தேன். வைத்தா சார் மூக்கைச் சுளித்துக்கொண்டு நாலா பக்கமும் பார்த்தார்.

"என்னம்மா இது, என்னமோ ஒரு வாடை?"

"கருவாடு சார்."

"சிவ சிவா. கம்ப்யூட்டர் ரூம்லயா?"

"கடல் கணக்கு சார். கருவாடு இல்லாம எப்படி?"

நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். ஆனால் போகச் சொல்லவில்லை.

சொல் தவறுகள் தீர்ந்தன. பிறகு தன் நினைவில் இடம் பற்றவில்லை என்று மெஷின் சொன்னது. ஹாலந்துக்காரர்கள் ஆற்றில் உப்பு எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதையும் கணக்கிட்டிருந்தார்கள். அவர்களுக்கு வயல் கவலை. எங்கள் கழியில் உப்பு ஏறினால் யாருக்கு நஷ்டம்? உப்புக் கணக்குப் பகுதி முழுவதையும் உருவி எடுத்தேன். உடனே இன்னொரு முறையீடு: மற்றப் பகுதிகள் அந்த உப்புப் பகுதியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன, அது எங்கே? கூப்பிடும் இடமெல்லாம் தேடித் திருத்த நேரம் இல்லை. அதே பெயரில் ஒரு வெற்றுப் பகுதி எழுதினேன். கூப்பிட்டால் வரும். ஒன்றும் செய்யாது. திரும்பிப் போய்விடும். எழுதும்போது வார்டு ஆபீஸிலிருந்து எங்கள் வரிசைக்கு வந்துபோகும் பெரிய மனிதர்கள் ஞாபகம் வந்தது.

இன்னொன்றுதான் கஷ்டமான மாற்றம். ஹாலந்து ஆறு எந்நேரமும் ஆழம். எங்கள் கழி கடல் வற்றும் நேரத்தில் பாதி சேறாகத் தெரியும். கணக்கில் ஆழத்தால் வகுக்கும் இடம் வருகிறது. ஆழம் ஒன்றுமில்லாமல் போனால் மெஷின் திணறி நின்றுவிடும். தண்ணீர் ஒரு விரற்கடைக்குக் குறைந்தால் வகுக்காதே, ஏற்றம் வரும்வரை சும்மா இரு என்று சில கார்டுகள் சேர்த்தேன். மெஷினுக்குச் சேற்றைக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று இப்போதும் கொஞ்சம் திமிர் உண்டு.

ஒரு ஞாயிறு, தவறு இல்லை என்ற ஒரே வரியோடு காகிதம் வந்தது. துளைபோடும் பொறி கடகடவென்று ஒரு புதுக் கட்டைத் துப்பியது. கட்டின் தலையில் குறுக்காகச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். கலைந்துபோனால் கோட்டைப் பார்த்து அடுக்கலாம். மாஹிம் கழி, ஓடத் தயார்.

5

ஓடியது. எங்கே ஓடியது என்பதுதான் கேள்வி.

கழியின் தரைமட்ட அளவுகள் வார்டு ஆபீஸ் வரைபடத்தில் இருந்தன. அதைப் பார்க்க மராத்தியில் மனு கொடுக்க வேண்டும். சாம் எழுதிக் கொடுத்தான். அங்கிருந்த கிழ பியூனை அவசரத்தில் ஒருமையில் அழைத்துவிட்டேன். என் இந்தியில் மரியாதை எப்போதும் ஒரு வார்த்தை பிந்தித்தான் வரும். அதற்காக இரண்டு தடவை அலையவிட்டார். கடைசியில் அளவுகளை எழுதி வந்தேன்; வளைவில் கொட்டிய மண் போக மிஞ்சிய அகலத்தை நானே அளந்து சேர்த்தேன். கடலேற்ற அளவுகளைத் துறைமுகப் பஞ்சாங்கத்திலிருந்து எடுத்தேன். இரண்டையும் கார்டில் ஏற்றி, கட்டைப் போட்டேன்.

காகிதத்தில் ஒரே ஒரு எண்தான் திரும்பத் திரும்ப வந்தது: பூஜ்யம். கழியில் தண்ணீரே இல்லை. இருந்ததெல்லாம் முதல் மணியிலேயே கடலுக்கு இறங்கி ஓடிவிட்டது. கடல் எங்கோ கீழே. தாராவி எங்கோ வானத்தில்.

வைத்தா சார் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். கருவாட்டு வாடையையும் மறந்துவிட்டார்.

"ஆஹா! தாராவி மலபார் ஹில் ஆயிடுத்துடீ!"

ஆபரேட்டர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து, பஸ் முழுக்க யோசித்து, சயான் தாண்டும்போது பிடிபட்டது. துறைமுகத்துக்காரர்களின் பூஜ்யம் கடல் மிகவும் தாழ்ந்து வற்றும் மட்டம். வரைபடத்துக்காரர்களின் பூஜ்யமோ அதற்கும் வெகு ஆழத்தில், எந்த அளவும் கழித்தல் குறியில் வராதபடி கற்பனையாக வைத்த மட்டம். ஒரே ஊரில் இரண்டு பூஜ்யம். இரண்டையும் ஒன்றென்று நம்பியவள் நான். பல பாஷை ஊரில் எண்கள் மட்டும் எல்லாருக்கும் பொது என்று நினைத்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒரு நாளாவது மேட்டுல இருந்தோம்லா! அந்தக் காகிதத்தை எறியாத, ஃப்ரேம் போட்டு மாட்டு."

அந்த வாரமே அளவுகளைத் திருத்தினேன். கணக்கு நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க, அடி அங்குலம் குறித்த ஒரு பலகையைக் காதர் பாய் பட்டறைத் தூணில் ஆணியடித்தேன்.

"ஏம்மா எஸ்தர், கழிக்கு உசரம் பாக்கியே, மாப்பிள்ளை தேடுதியா?"

"கழி இப்பவே வீட்டுக்குள்ள வந்து உக்காருது பாய். தேடவா வேணும்?"

அடுத்த ஞாயிறு காகிதத்தில் ஏறிய தண்ணீரும் பலகையில் ஏறிய தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றாக ஏறின. ஏறக்குறைய ஒன்றாக இறங்கின. வித்தியாசம் ஒரு சாண் கூட இல்லை. பட்டறைத் தூணுக்குப் பக்கத்தில் காகிதத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடலிலிருந்து ஒரு தீப்பெட்டியை மிதக்கவிட்டால் எத்தனை மணிக்கு எங்கள் வாசலுக்கு வரும் என்று என்னால் சொல்ல முடியும். பாளையங்கோட்டையில் என் கணித ஆசிரியை, இதெல்லாம் படித்துப் பொம்பளைப் பிள்ளை எங்கே பிரயோகிக்கப் போகிறாய் என்று கேட்டிருக்கிறார். இங்கேதான் டீச்சர். சாக்கடையில்.

6

காகிதத்தை எடுத்துக்கொண்டு வார்டு இஞ்சினியரைப் பார்க்கப் போனோம்: நான், காதர் பாய், மராத்திக்குச் சாம். இஞ்சினியர் முரட்டு மனிதர் இல்லை. நாற்காலி போடச் சொன்னார், காகிதத்தைப் புரட்டினார், தேநீர் கூட வந்தது. பிறகு இந்தியில் சொன்னார்: "இது ரொம்ப அழகாக இருக்கிறது, மகளே. ஆனால் வெள்ளம் காகிதத்தில் வந்து எனக்கு என்ன ஆகப் போகிறது? உங்கள் கட்டரைப் பாருங்கள். கச்ரா. அதுதான் காரணம்."

"கச்ரா முழுக்க எடுத்துட்டா?" என்று கேட்டேன்.

"என்ன?"

"வர்ற அமாவாசை பெரிய ஏற்றம். மழை கிடையாது. அதுக்கு முன்னாடி எங்க கட்டரை நாங்களே ஒரு தாள் துண்டு இல்லாம சுத்தம் பண்றோம். காலையில நீங்க வந்து பாருங்க. மத்தியானம் தண்ணி எந்த மட்டம் வரும்னு நான் சுவத்துல முன்கூட்டியே கோடு போட்டு வைக்கிறேன். தண்ணி அந்தக் கோட்டுக்கு வந்தா, குப்பை காரணமில்ல. கழி வளைவுல கொட்டின மண்ணைப் பத்தி நீங்க மேலே எழுதணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வராவிட்டால்?"

நான் யாரிடமும் கேட்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. "வராட்டா குப்பைதான் காரணம்னு நாங்க ஒத்துக்கிறோம்."

"ஒத்துக்கொண்டு, மழைக்கு முன்னால் தகராறு இல்லாமல் காலி செய்வீர்கள்?"

"செய்வோம்."

சாம் என் காலை மேஜைக்கடியில் மிதித்தான். காதர் பாய் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இஞ்சினியர் தன் டைரியில் அமாவாசைத் தேதியைக் குறித்துக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் சாம் வெடித்தான். "அரே பாப்ரே! என்ன அக்கா நீ? முப்பது வீட்டை எடுத்து மேஜை மேல வச்சிட்ட! உன் அப்பா வீடா அது?"

"அதுல ஒண்ணு அப்பா வீடுதானலே."

"ஜோக் அடிக்காத. தண்ணி வரலன்னா?"

வாழ்க்கையில் முதல்தடவையாக எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வராவிட்டால் என்ன செய்வது என்று நாங்கள் கவலைப்பட்டோம்.

அன்று சாயங்காலம் வரிசைக்காரர்கள் பட்டறை வாசலில் கூடினார்கள். இரண்டு பேர் என்னைத் திட்டினார்கள். திட்டுவதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. படித்த திமிர் என்று ஒரு அக்கா சொன்னாள். திமிர்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. கேட்காமல் ஒத்துக்கொண்டது தப்பு. வேண்டாம் என்றால் நாளைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். பிறகு காதர் பாய் பேசினார்.

"வேண்டாம்னு சொன்னா மட்டும் வீடு தங்குமா? நோட்டீஸ் ஒட்டியாச்சு. இப்படிப் போனாலும் காலி, அப்படிப் போனாலும் காலி. இவ சொல்லுத வழியில போனா, நாம குப்பைக்காரங்க இல்லன்னு சொல்லிக்கிட ஒரு வாய்ப்பாவது இருக்கு. நான் கட்டர்ல இறங்குதேன். யாரு வாரீக?"

பிறகு அப்பா, மில் சட்டையோடு நின்றவர், கையைத் தூக்கினார். அவர் பேசவே மாட்டார். கையைத் தூக்கியதே ஒரு பிரசங்கம். அம்மா என்னைத் திட்டிய அக்காவின் பக்கத்தில் போய் நின்று, "மண்வெட்டி உங்கிட்டதானே இருக்கு, எடுத்துட்டு வா தாயி," என்றாள்.

7

சென்ற ஞாயிறு கடைசித் தடவையாகக் கட்டை ஓடவிட்டேன், வெள்ளிக்கிழமை அமாவாசை ஏற்றத்தை வைத்து. வைத்தா சார் பத்து மணி தாண்டியும் என்னைத் துரத்தவில்லை. காகிதம் வந்ததும் அவரே கிழித்துக் கையில் கொடுத்தார்.

"இந்தத் தடவை மலபார் ஹில் இல்லையே?"

"இல்ல சார். தாராவிதான்."

"வெள்ளிக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டிருக்கேன். மாட்டுங்காலேருந்து எட்டின தூரம்தானே. மெஷின் பொய் சொல்லுமான்னு நானும் பாக்கணும்." காகிதத்தை மறுபடி எட்டிப் பார்த்தார். "வேஷ்டியை எவ்வளவு தூரம் தூக்கிக் கட்டணும்னு மட்டும் கணக்குப் போட்டுச் சொல்லிடு."

கோயிலிலும் சேதி பரவிவிட்டது. ஆராதனையில் ஜெப விண்ணப்பங்களைப் படிக்கும்போது, நோயாளிகளுக்கும் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் பிறகு, "எஸ்தருடைய இயந்திரத்துக்காகவும்" என்று படித்தார்களாம். அம்மா பெருமையும் வெட்கமுமாகச் சொன்னாள். இரும்புப் பெட்டிக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது.

சாக்கடை இப்போது தரை தெரிகிறது. வாரம் முழுக்க வரிசையே இறங்கி வேலை செய்தது. சாம் விக்ரோலியிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டு இறங்கினான். அடியில் என்னவெல்லாம் கிடைத்தது என்று எழுதினால் ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சாப்பிடமாட்டார்கள். எடுத்ததையெல்லாம் வண்டியில் ஏற்றி அனுப்பியாயிற்று.

நேற்று கோடு போட்டோம். பட்டறையின் வெளிச்சுவரில் இடம் தேர்ந்தெடுத்து, காகிதத்தில் இருந்த உயரத்தை இரண்டு தடவை அளந்தேன். பூஜ்யம் எது என்பதை மூன்று தடவை பார்த்தேன். கோடு போடச் சாக்பீஸை எடுத்தேன். காதர் பாய் தடுத்தார்.

"சாக்பீஸ் கோடு தண்ணியில அழிஞ்சிரும். அப்புறம் அந்த ஆளு, கோடு எங்கன்னு கேப்பான்." உள்ளே போய்த் தோலுக்கு ஏற்றும் கறுப்புச் சாயக் கிண்ணத்தையும் தூரிகையையும் எடுத்து வந்தார். "இது ஏழு மழைக்கும் அழியாது. ஒண்ணு யோசிச்சுக்கோ மவளே. தப்பாப் போனாலும் அழியாது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அழியாததே போடுங்க பாய்."

அவர் ஒரு நேரான பலகையைச் சுவரில் ஒட்டிப் பிடித்தார், நான் கோடு இழுத்தேன். கோட்டுக்கு மேல் சாம் மராத்தியில் எழுதினான், இஞ்சினியர் படிக்க. அதற்குக் கீழே நான் தமிழில் எழுதினேன்: வெள்ளி மத்தியானம், இதுவரை. சாம் எழுத்துக்கூட்டி அதைப் படித்தான். இந்த வருஷம் அவன் முழுசாகப் படித்த தமிழ் அந்த ஒரு வரிதான். அது தப்பாகிவிடக் கூடாது.

தண்ணீர் கோட்டுக்கு வந்தால் அடுத்த ஞாயிறு என்ன செய்யப்போகிறேன் என்பதும் தயார். கார்டுக் கட்டுக்குள் கழி வளைவைச் சொல்லும் சில கார்டுகள் இருக்கின்றன. கம்பெனிக்காரன் கொட்டிய மண்ணை அவற்றிலிருந்து அள்ளி எடுத்துவிட்டு, பழைய அகலத்தைத் துளையிட்டு வைத்திருக்கிறேன். அதை மறுபடி கம்பைல் செய்து, மண் இல்லாத கழியில் அதே அமாவாசையை ஓடவிட்டு, இரண்டாவது கோடு ஒன்றையும் அதே சாயத்தில் போடுவேன். முதல் கோடு எங்கள் வாசல் படிக்கு மேலான மட்டத்தில் இருக்கிறது. இரண்டாவது கோடு படிக்குக் கீழே விழும் என்று நினைக்கிறேன். விழாவிட்டால் அதையும் அழிக்கமாட்டேன். ஏன் என்று கண்டுபிடிப்பேன்.

கார்டுகள் பரணில், கருவாட்டுக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருக்கின்றன. அம்மா மிளகாய்ச் சாக்கைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டாள். சாக்கடை சுத்தம். கோடு காய்ந்துவிட்டது.

இனி கடல் வரட்டும்.